ஜோலார்பேட்டை சனிக்கிழமைக்காரர்

பெங்களூரிலிருந்து வந்த ஜோஸ் முதலில் வெயிலைப் பற்றிப் பேசினான். பிறகு ஹைவேயில் நடக்கும் பாலம் வேலையைப் பற்றி. பிறகு சாந்தகுமார் கொண்டுவந்து வைத்த டீயைக் குடித்துவிட்டு, ஏலக்காய் எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று விசாரித்தான். எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எப்சி எல்லாவற்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டினாள். மடியில் பெரிய சரக்கு வைத்திருக்கிறவன்தான் இப்படி ஊரைச் சுற்றி வருவான். சின்னச் சரக்குக்காரன் வாசலிலேயே விலையைச் சொல்லிவிடுவான். பாதி ஆயுளைத் தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் கழித்தவளுக்கு இதுகூடவா தெரியாது.

"மேடம், நான் திருப்பத்தூர் பையன். உங்ககிட்ட சுத்தி வளைக்கத் தெரியாது" என்றான் ஜோஸ், சுற்றி முடித்துவிட்டு. "ஒரு டேப் கெடைச்சிருக்கு."

ஆம்பூரில் எப்சி யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். முஸம்மில் பாய் கம்பெனியில் ஷிப்பிங் பேப்பர் பார்த்த அம்மா என்பார்கள். பேங்க் சாந்தகுமார் சம்சாரம் என்பார்கள். ஜாஸ் விமர்சகர் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். அப்படி ஓர் உத்தியோகம் உலகத்தில் இருக்கிறது என்பதே தெருவில் யாருக்கும் தெரியாது. லண்டனிலும் நியூயார்க்கிலும் வெளிவரும் இசைப் பத்திரிகைகளில் அவள் எழுதும் பத்தி வருகிறது. டோக்கியோவில் ஒருவர் எப்சி எழுதாத ரெக்கார்டைத் தொடுவதே இல்லையாம். இதைச் சாந்தகுமார் பெருமையாகச் சொன்னபோது எதிர்வீட்டுக் கோவிந்தம்மாள், "அப்படின்னா உங்களுக்கு கமிஷன் இன்னா வரும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

எல்லாம் பாய் கம்பெனியில் ஆரம்பித்தது. தோல் வாங்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் சாக்லேட் கொண்டுவருவார்கள். ஒரு இத்தாலிக்காரர் மட்டும் ஒரு முறை ரெக்கார்டு கொண்டுவந்து கொடுத்தார். பாய்க்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. எப்சியின் மேசையில் வைத்துவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார். அதை வீட்டில் போட்டுக் கேட்ட பிறகு, அந்த இத்தாலிக்காரருக்குப் போன எல்லா ஷிப்பிங் கடிதத்தின் அடியிலும் எப்சி ஒரு வரி சேர்த்தாள்: அடுத்த தடவை சாக்லேட் வேண்டாம். ஜெர்மனிக்காரர்களுக்கும் அதே வரி போனது. சில வருஷங்களில் அந்தத் தெருவிலேயே ரெக்கார்டுக்கென்று தனி அறை வைத்த ஒரே வீடு அவளுடையது ஆயிற்று. அந்த அறையில் உட்கார்ந்துதான், தென்னாட்டு ரயில்வே காலனிகளில் ஜாஸ் வாசித்தவர்களின் வரலாற்றை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அரக்கோணம், போத்தனூர், ஜோலார்பேட்டை என்று ரயில் நிற்கும் இடமெல்லாம் ரயில்வேக்காரர்கள் கூடும் ஒரு இன்ஸ்டிட்யூட் இருந்தது. சனிக்கிழமையானால் அங்கே நடனம் இருந்தது. நடனம் இருந்த இடத்தில் பேண்டு இருந்தது. புத்தகம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. போடுவதற்கு ஆள்தான் கிடைக்கவில்லை.

"டேப் எந்த ஊர்ல எடுத்தது?" என்று கேட்டாள்.

"டப்பா மேல ஜோலார்பேட்டை இன்ஸ்டிட்யூட், சனிக்கிழமை, ஐம்பத்தேழுன்னு எழுதியிருக்கு. வாசிச்சவங்க பேரு இல்ல." ஜோஸ் குரலைத் தாழ்த்தினான். "ஆனா யாருன்னு தெரியும். லூதர் பிராக்கெட்."

சாந்தகுமாருக்கு அந்தப் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. எப்சிக்கு எல்லாம் சொன்னது. பிராக்கெட் அமெரிக்கக் கறுப்பினப் பியானோக் கலைஞன். ஐம்பத்தேழில் கீழ்த்திசை நாடுகளுக்குக் கப்பலேறி வந்தான், பம்பாயில் வாசித்தான், அப்புறம் கொழும்பில் வாசித்தான். இரண்டுக்கும் நடுவே எங்கே இருந்தான் என்று யாருக்கும் தெரியாது. அந்த இடைவெளியைத் தேடுவதையே பிழைப்பாக வைத்திருக்கிற பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இந்த டேப்பைக் கேட்டுவிட்டு நீளமாக ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தார். ஜோஸின் கம்பெனி பழைய டேப்புகளைத் தேடியெடுத்து ரெக்கார்டாக்கி விற்கும் சின்னக் கம்பெனி. ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் அவனுடைய வியாபாரப் பங்காளி, வாசித்தது பிராக்கெட்தான் என்று இந்தியாவில் எப்சி கையெழுத்துப் போட்டால் மட்டும் அச்சுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

"போடுங்க, கேப்போம்" என்றாள் எப்சி.

பியானோவுக்கு முன்னால் அந்தக் கூடத்தின் சத்தம் கேட்டது. கண்ணாடிக் கோப்பைகள், ஒரு பெண்ணின் சிரிப்பு, வெளியே யார்டில் எஞ்சின் ஒன்று பெட்டிகளை முட்டிச் சேர்க்கும் சத்தம். பிறகு பியானோ. பழைய கிறிஸ்தவப் பாட்டு ஒன்றின் மெட்டு. அமெரிக்காவிலும் பாடுவார்கள், மிஷனரிமார் கப்பலில் கொண்டுவந்து இறக்கியதால் இங்கேயும் ஞானப்பாட்டாகப் பாடுவார்கள். வாசித்தவர் அதைப் பிடித்து உலுக்கி, ஆடுகிறவர்களின் காலுக்குப் போட்டிருந்தார். எப்சி இத்தனை வருஷத்தில் கேட்ட கைகளில் அதற்கு ஈடாகச் சிலதான் உண்டு. முதல் வரி முடிந்தது. பியானோ நின்றது. டிரம்காரரும் நிறுத்திவிட்டார். கூடத்தில் யாரோ இருமினார்கள். டேப் அறுந்துவிட்டதோ என்று நினைக்கும் நேரத்தில் இரண்டாவது வரி வந்து விழுந்தது. அது முடிந்ததும் மறுபடி நிறுத்தம்.

"இதுதான் மேடம் பாயிண்டே" என்றான் ஜோஸ். "அந்தக் காலத்துல அமெரிக்காவுல கறுப்பர் சபையில படிக்கத் தெரியாதவங்க ஜாஸ்தி. ஒருத்தர் வரியைப் படிச்சுச் சொல்லுவாரு, மத்தவங்க பாடுவாங்க. அந்தச் சபையில வளந்தவன் கை மட்டும்தான் இப்படி நிக்கும்னு புரொஃபசர் எழுதியிருக்காரு. அப்ப இது பிராக்கெட்தானே?"

அந்த நிறுத்தம் எப்சிக்குத் தெரியும். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளை ஒட்டியிருக்கிற அவர்களுடைய சபையில், முதலில் சேர்ந்த தொழிலாளிகளில் படித்தவர்கள் கிடையாது. இருந்ததும் ஒரே பாட்டுப் புத்தகம். உபதேசியார் ஒரு வரியை உரக்கப் படிப்பார், சபை பாடும். அடுத்த வரியைப் படிப்பார், சபை பாடும். இப்போது எல்லார் கையிலும் புத்தகம் இருக்கிறது, சுவரில் திரை இருக்கிறது. வரி சொல்லும் உபதேசியார் எப்போதோ போய்ச் சேர்ந்தார். ஆனால் அவர் படிக்க எடுத்துக்கொண்ட நேரத்தைச் சபை இன்னும் விடவில்லை. ஒவ்வொரு வரிக்கும் பிறகு எல்லாரும் வாய்மூடி நிற்பார்கள், பிறகு ஒன்றாகத் தொடங்குவார்கள். சென்னையிலிருந்து கீபோர்டு வாசிக்க வந்த பையன் ஒருவன் இதைச் சரிசெய்யப் பார்த்தான். ஒரு மாதம் தனியாக முன்னால் ஓடிக்கொண்டிருந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான்.

ஆக, சாட்சி இரண்டு பக்கமும் பேசியது. வரி சொல்லிப் பாடிய சபை அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. எப்சி முகத்தை மாற்றாமல் கேட்டுக்கொண்டே போனாள். மூன்றாவது சுற்றில், இரண்டாவது வரிக்குப் பிறகு, பியானோ நின்றது. வழக்கமான நேரம் ஆனது. டிரம்காரர் சரியாக ஓர் அடி போட்டார். பியானோ வரவில்லை. அந்த ஒற்றை அடி கூடத்தில் அநாதையாகத் தொங்கியது. இன்னும் கொஞ்சம் பொறுத்து, தன் பாட்டுக்குப் பியானோ வந்தது.

"அது 'மௌனங்களின் உரையாடல்'னு புரொஃபசர் ஒரு பக்கம் எழுதியிருக்காரு" என்றான் ஜோஸ்.

எப்சிக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. ஆறிய டீயைக் குடித்து அதை உள்ளே தள்ளினாள். சரக்கு பிடித்திருந்தால் முகத்தில் காட்டக்கூடாது என்பது பாய் கம்பெனியில் அவள் அடுத்த அறையிலிருந்தே கற்றது.

"ஞாயித்துக்கிழமை வர முடியுமா? காலையில சபைக்கு வாங்க. அங்கயே பதில் சொல்றேன்."

"சபைக்கா? நான் ஆர்.சி., கத்தோலிக்கன் மேடம்."

"வாங்க, யாரும் வெரட்ட மாட்டாங்க."

அவன் கார் தெருமுனை திரும்பியதும் சாந்தகுமார் கேட்டார். "யாரு வாசிச்சது?"

"நம்ம டோரதிக்காவோட அப்பா."

"ஆர்கன் நத்தானியேலா? அந்த மனுசன் சிரிச்சே யாரும் பாத்ததில்லையாமே. டான்ஸுக்கு வாசிச்சாராமா?"

"ரயில்வேக்காரங்ககிட்ட விசாரிக்கறப்பல்லாம் ஒருத்தரைப் பத்திச் சொல்லுவாங்க. ஆம்பூர்லேருந்து சனிக்கிழமை வருவாரு, பேரு சொல்ல மாட்டாரு, விடியறதுக்குள்ள போய்டுவாரு. சாட்டர்டேன்னே கூப்பிடுவாங்களாம். யாருன்னு இத்தனை வருசம் எனக்குப் பிடிபடல. இன்னைக்குப் பிடிபட்டுச்சு."

"கையெழுத்து எதுல போடப் போற?"

"நத்தானியேல்ல."

"அவன் அதை ரெக்கார்டாவே போட மாட்டானே."

எப்சி கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதுதான் விஷயம். அமெரிக்காக்காரன் என்று சொன்னால் உலகமே இந்த டேப்பைக் கேட்கும், வேறொருவன் பெயரில். நத்தானியேல் என்று சொன்னால் டேப் மறுபடி டப்பாவுக்குள் போய்விடும், பெயர் அவளோடு நின்றுவிடும். அவளுக்கு இரண்டும் வேண்டும். ரெக்கார்டும் வர வேண்டும், அட்டையில் நத்தானியேல் என்றும் இருக்க வேண்டும்.

டோரதி வேலூரில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பாவுக்குப் பிறகு சபையில் ஆர்கன் அவர் கையில்தான். அடுத்த நாள் எப்சி போனபோது வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சனிக்கிழமையில அப்பா எங்க போவாருக்கா?"

டோரதி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஜோலார்பேட்டைக்கு. ஷாப்புத் தோலு வேகன்ல சரியா ஏறுதான்னு பாக்கறதுக்கு. காலையில மொதல் வண்டியில எறங்கி நேரா சபைக்கு வருவாரு."

"சனிக்கிழமையில வேகன் ஏத்த மாட்டாங்களேக்கா."

"எங்கம்மாவுக்கும் தெரியும். சட்டையைத் தொவைக்கறவங்களுக்குத் தெரியாதா? ஊருப்பட்ட சிகரெட்டு வாசனை. அப்பா சிகரெட்டே குடிக்க மாட்டாரு." இப்போது நிமிர்ந்து பார்த்தார். "இப்ப அதை எதுக்குத் தோண்டற?"

எப்சி டேப்பைப் பற்றிச் சொன்னாள். போனில் எடுத்து வைத்திருந்த கொஞ்சத்தைப் போட்டுக் காட்டினாள். டோரதி முழுக்கக் கேட்டார். இரண்டு கைவிரலும் முழங்காலில் தானாக நகர்ந்தன.

"அப்பாதான்" என்றார். "நல்லாத்தான் வாசிச்சிருக்காரு. ஆனா பேரு போடாதே எப்சி. சாராயம் குடிக்கற எடத்துல ராத்திரி பூரா வாசிச்சிட்டு காலையில பலிபீடத்துப் பக்கத்துல ஒக்காந்தாருன்னு தெரிஞ்சா அன்னிக்கே சபையை விட்டு எறக்கியிருப்பாங்க. ஆயுசு முழுக்க ஒளிச்சு வெச்சதை நான் எடுத்துத் தெருவுல வெக்கறதா?"

"சரிக்கா. வர்ற ஞாயித்துக்கிழமை மட்டும் இந்தப் பாட்டை வெக்க முடியுமா? எல்லாச் சரணமும்."

"அதுக்கென்ன, வெக்கலாம்."

பிராக்கெட் என்ற பெயரை அவள் அங்கே எடுக்கவில்லை. அந்தச் சீட்டை யார் கையால் இறக்க வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு யோசனை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜோஸ் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். சாந்தகுமார் அவனை ஆண்கள் பக்கம் உட்காரவைத்து, கையில் ஒரு பாட்டுப் புத்தகம் கொடுத்தார். எப்சி பெண்கள் பக்கத்தில், அவனுடைய முகம் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

பாட்டு அறிவிக்கப்பட்டது. சபை எழுந்தது. முதல் வரியைப் பாடி முடித்து எல்லாரும் அப்படியே நின்றார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. ஜோஸ் கழுத்தை நிமிர்த்தினான். இரண்டாவது வரி, நிறுத்தம். மூன்றாவது வரி, நிறுத்தம். அவன் மெல்லத் திரும்பிப் பெண்கள் பக்கம் எப்சியைத் தேடினான். அவள் புத்தகத்தைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது சரணத்தில் ஜோஸும் சேர்ந்துகொண்டான். நல்ல குரல். நிறுத்தத்தின் அளவு அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. சபையோடு நின்றான், சபையோடு தொடங்கினான். பக்கத்தில் இருந்த கிழவர் பாராட்டும் விதமாகத் தலையாட்டினார். மூன்றாவது சரணம் வந்தபோது தலையைப் பின்னால் சாய்த்துப் பாடும் அளவுக்குத் தைரியம் வந்திருந்தது. இரண்டாவது வரி முடிந்தது. எல்லாரும் நின்றார்கள். சரியான இடத்தில், நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, ஜோஸ் அடுத்த வரியைத் தொடங்கினான்.

கோயிலில் அவன் குரல் மட்டும் இருந்தது.

முன் வரிசைகள் திரும்பின. ஒரு குழந்தை சிரித்தது. ஜோஸ் வாயை மூடினான். இன்னும் கொஞ்ச நேரம் யாரும் பாடவில்லை. அப்புறம் டோரதியின் கை ஆர்கனில் இறங்கியது, சபை மொத்தமும் நிதானமாக அந்த வரிக்குள் நுழைந்தது. காது வரை சிவந்துபோன ஜோஸின் முகத்தில் வெட்கம் வடிந்து வேறு ஒன்று ஏறுவதை எப்சி பார்த்தாள். அந்த டிரம்காரர் அடித்த ஒற்றை அடி அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் நேராக அவளிடம் வந்தான்.

"மூணாவதுல ஏன் மேடம் அவ்ளோ நேரம்?"

எப்சி பையிலிருந்து ஒரு பழைய பாட்டுப் புத்தகத்தை எடுத்தாள். வேலூரில் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியது. அந்த உபதேசியார் காலத்துப் பதிப்பு. பாட்டைப் பிரித்துக் காட்டினாள். மூன்றாம் சரணத்தின் இரண்டாவது வரியோடு வலது பக்கம் முடிந்துவிட்டது. மீதி அடுத்த தாளில் இருந்தது.

"உபதேசியார் விரலை நனைச்சு பக்கம் திருப்பணும். அவரு திருப்பற வரைக்கும் சபை நிக்கணும். அப்புறம் வந்த புத்தகத்துலல்லாம் பாட்டு ஒரே பக்கத்துல இருக்கு. ஆனா நாங்க இன்னும் அவரு திருப்பட்டும்னு நிக்கறோம். ஏன்னு உள்ள யாரைக் கேட்டாலும் தெரியாது, அப்படித்தான் பாடணும்னு சொல்லுவாங்க. பிராக்கெட்டுக்கு வரி சொல்லித் தந்திருப்பாங்க, ஒத்துக்கறேன். எங்க உபதேசியாரோட தமிழ்ப் புத்தகத்துல பக்கம் எங்க முடியுதுன்னு அவருக்கு யாரு சொன்னாங்க? வாசிச்சது இங்க ஆர்கன் வாசிச்ச நத்தானியேல்."

ஜோஸ் அந்தத் தாளைத் திருப்பினான். மறுபடி இந்தப் பக்கம் திருப்பினான்.

"சரி. பிராக்கெட் இல்ல" என்றான். பிறகு வியாபாரி விழித்துக்கொண்டான். "ஆனா மேடம், நத்தானியேல்னு போட்டா ஒருத்தன் வாங்க மாட்டான்."

"அப்ப இன்னா பண்ணலாம்றீங்க?"

"முன் அட்டையில பிராக்கெட், பக்கத்துல ஒரு கேள்விக்குறி."

"எவ்ளோ பெரிய கேள்விக்குறி?"

"பாத்தா தெரியற மாதிரி."

"யாருக்கு? பூதக்கண்ணாடி வெச்சிருக்கறவங்களுக்கா?"

ஜோஸ் சிரித்துவிட்டான். சிரித்தபடியே ஒரு படி இறங்கினான். "சரி, அவரு பேரே வேணாம். பெயர் தெரியாத கலைஞர்னு போட்டுடலாம். அதுல பொய் இல்ல பாருங்க."

"போன வாரம் பொய் இல்ல. இப்பத்தான் தெரிஞ்சிடுச்சே."

"மேடம், உங்க புத்தகம் இருக்கில்ல, ரயில்வே காலனி புத்தகம். என் பார்ட்னர் அதையும் போடறேன்னு சொல்றாரு. பிராக்கெட்டைப் பத்தி ஒரு அத்தியாயம் இருந்தா போதும். 'வந்திருக்கலாம்'னு எழுதுங்க, வந்தாருன்னுகூட எழுத வேணாம்."

இது எப்சியைத் தொட்டது. அந்தப் புத்தகத்துக்காகக் கதவு கதவாகத் தட்டியவள் அவள். ஜோஸின் முகத்தைப் பார்க்காமல், வெளியே போய்க்கொண்டிருந்த கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கொசுறு சரக்கைவிடப் பெரிதாக இருந்தால் முஸம்மில் பாய் மூட்டையை மறுபடி பிரித்துப் பார்ப்பார். அவள் பிரித்துப் பார்த்தாள். உள்ளே நத்தானியேல் இல்லாத ஒரு புத்தகம் இருந்தது.

"புத்தகம் அது பாட்டுக்கு வரும். அதை விடுங்க."

"நீங்க இல்லேன்னா டெல்லியில ஒருத்தர் கையெழுத்துப் போடத் தயாரா இருக்காரு மேடம்."

"போடட்டும், தாராளமா. அடுத்த மாசப் பத்தியில நான் இந்தப் பக்கம் திருப்பற கதையை எழுதறேன். புத்தகத்தோட படமும் போடுவேன். பாவம், அந்த டெல்லிக்காரரை நெனச்சாத்தான் பேஜாரா இருக்கு."

ஜோஸ் கார்ச் சாவியை எடுத்து விரலில் சுழற்றினான். கிளம்புகிற மாதிரி ஒரு திரும்பலும் திரும்பினான். எப்சி கூப்பிடவில்லை. கேட்வரை போய்விட்டுத் திரும்பி வந்த எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள். இவன் கேட்வரைகூடப் போகவில்லை.

"யாருக்கும் தெரியாத பேரை வெச்சு நான் எப்படி மேடம் விக்கறது?" இந்த முறை உண்மையாகவே கேட்டான்.

"தெரிஞ்ச பேருக்கு விமர்சகர் எதுக்கு தம்பி? பிராக்கெட்டை மட்டும் பொறக்கும்போதே எல்லாருக்கும் தெரியுமா? என்னை மாதிரி ஒருத்தர் ஒக்காந்து கேட்டு எழுதினதாலதானே தெரிஞ்சுது. எங்க பாய் கம்பெனியில தழும்பு உள்ள தோலு வரும். மத்தவங்க மேல பெயிண்ட் அடிச்சு மறைச்சு கம்மி ரேட்டுக்குத் தள்ளுவாங்க. பாய் தழும்பைத்தான் முதல்ல காட்டுவாரு. ஒடுகத்தூர் மலையில முள்ளுல மேஞ்ச மாடு, பாருங்க கோடும்பாரு. இத்தாலிக்காரன் அதைத் தடவிப் பாத்துட்டு ஜாஸ்தி குடுத்து வாங்கிட்டுப் போவான். சொன்னது நெசம், அதனாலதான் வெல. உங்ககிட்ட இருக்கறது உலகத்துல ஒருத்தர்கிட்டயும் இல்லாத சரக்கு. ஒரு மனுசன் பக்கம் திருப்பினது ஜாஸ்ல கேக்குது. அதைப் பெயிண்ட் அடிச்சு பிராக்கெட்டா விக்கப் பாக்கறீங்க."

ஜோஸ் சாவியைப் பைக்குள் போட்டான். "டேப்புல ரெக்கார்டோட ஒரு பக்கத்துக்குத்தான் சரக்கு இருக்கு. இன்னொரு பக்கத்துக்கு இன்னா பண்றது?"

இந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எப்சி கோயில் கதவைக் கண்ணால் காட்டினாள். "இப்ப உள்ள பாடினாங்களே. அதே பாட்டு, அதே நிறுத்தம். நீங்க தனியா பாடினதை மட்டும் வெட்டிடலாம்."

அவன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். மனதுக்குள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான் என்று அவன் கண் சொன்னது.

"கியாரண்டி யாரு?"

"நான். முன்னாடி அவரு பேரு. பின்னாடி கட்டுரைக்குக் கீழ என் பேரு முழுசா. தப்புன்னு யாராவது நிரூபிச்சா என்னைத் திட்டட்டும்."

"குடும்பத்துல ஒத்துக்கணுமே."

அதற்குள் டோரதி ஆர்கனைப் பூட்டிவிட்டு, படியைப் பிடித்து மெதுவாக இறங்கி வந்தார். எப்சி அறிமுகம் செய்தாள். ஜோஸ் கைகூப்பினான்.

"ஆன்ட்டி, உங்கப்பா பெரிய ஆளு. அமெரிக்காவுல ஒரு புரொஃபசர் இந்த டேப்பைக் கேட்டுட்டு அப்படியே அசந்துட்டாரு. லூதர் பிராக்கெட்னு பெரிய பியானோ மேதை ஒருத்தரு, அவருதான் வாசிச்சதுன்னு சத்தியம் பண்றாரு."

"யாரு வாசிச்சதுன்னு?"

"பிராக்கெட், ஆன்ட்டி. அமெரிக்காக்காரரு. இன்னிக்குக் காலையில வரைக்கும் நானும் அப்படித்தான் நெனச்சேன். அட்டைகூடப் போட்டுப் பாத்துட்டோம்."

டோரதி கையிலிருந்த ஆர்கன் சாவியைப் புடவை முந்தானையில் முடிந்தார். பிறகு எப்சியைப் பார்த்தார். எப்சி மரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா ஒளிஞ்சிக்கிட்டாரு, அது அவரு இஷ்டம்" என்றார் டோரதி. "அதுக்காக அவரு ஒக்காந்த எடத்துல கண்டவன் வந்து ஒக்காருவானா? ராத்திரி பூரா முழிச்சது இவரு, அம்மாகிட்ட பேச்சு வாங்கினது இவரு. பேரை மட்டும் அவனுக்குக் குடுத்துடுவீங்களா?"

"அப்ப பேரு போடலாங்களா ஆன்ட்டி?"

"போடு. இனிஷியலோட போடு. பி. நத்தானியேல், ஆம்பூர். ஊரையும் போடணும். இல்லேன்னா நாளைக்கு இன்னொருத்தன் கெளம்புவான், எங்க ஊரு நத்தானியேல்னு."

"சபையில யாராவது ஏதாவது சொன்னா?" என்றாள் எப்சி.

"சொல்லட்டும். ஆர்கன் சாவி எங்கிட்ட இருக்கு."

ஜோஸ் போனை எடுத்துக்கொண்டு காம்பவுண்டு சுவரோரமாகப் போனான். ஆம்ஸ்டர்டாமில் பங்காளி தூக்கத்திலிருந்து எழுந்திருக்க வேண்டும். ஜோஸ் இங்கிலீஷில் பேசினான். முதலில் குனிந்துகொண்டு, பிறகு நிமிர்ந்து, பிறகு ஒரு கையை வீசி நடந்துகொண்டு. இல்லை, பிராக்கெட் இல்லை என்றான். இல்லை, இது நஷ்டம் இல்லை, முழுக்கக் கேள் என்றான். நீ இதுவரை கேள்விப்பட்டதே இல்லை, யாருமே கேள்விப்பட்டதில்லை, அதுதான் விஷயமே என்றான். புத்தகத்தில் பக்கம் முடிவதைச் சொன்னான். டிரம்காரரைச் சொன்னான். தான் கோயிலில் தனியாகப் பாடியதைச் சொன்னபோது கொஞ்சம் சேர்த்தே சொன்னான். வாங்க வந்தவன் விற்கக் கிளம்பிவிட்டால் குரல் இப்படித்தான் மாறும். எப்சி அந்தக் குரலை அடுத்த அறையிலிருந்து வருஷக்கணக்கில் கேட்டவள். இனி யார் தடுத்தாலும் இவன் நிற்க மாட்டான் என்று தெரிந்தது.

சாந்தகுமார் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். டோரதி சுவரோரம் நடந்துகொண்டிருந்த ஜோஸைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இன்னா சொல்றான் அவன்?"

எப்சி காது கொடுத்துக் கேட்டாள்.

"உங்கப்பா பேரை எழுத்து எழுத்தா சொல்றான்க்கா" என்றாள்.